தொண்ணூற்றாறு பிக்சல் காலி

ஆன்டாப் ஹில்.
எட்டுக்குப் பத்து அறை.
மடக்குக் கட்டிலை மடக்கி
அதன் முதுகில் லேப்டாப்பை வைத்து
இசக்கிபாண்டி அண்ணனுக்கு ஒரு வலைத்தளம்
தேடிக்கொண்டிருக்கிறேன்.
காசில்லாமல்.

பிளம்பர்.
வடாலாவிலிருந்து சயான் வரை
எந்தக் கட்டடத்தில் எந்த வால்வு முனகும் என்று தெரியும்.
விசிட்டிங் கார்டு தீர்ந்துவிட்டது,
இனி அச்சடிக்காதே, நெட்டில் போடு என்று
மகள் சொல்லிவிட்டாளாம்.

இலவசத் தீம் நாற்பது பார்த்தோம்.
எல்லாம் ஒரே வயிற்றில் பிறந்தவை.
மேலே முழு அகலத்துக்கு ஒரு படம்,
அதில் சாலட் கிண்ணத்தைப் பார்த்துச் சிரிக்கும் ஒருத்தி,
மூலையில் மூன்று கோடு.
தொட்டால் திறக்கும் என்றேன்.
"சாக்கடை ஜாலி மாதிரி இருக்கு."

"யாரு இந்தப் பொம்பள?"
மாதிரிக்கு வைத்திருக்கிறார்கள், மாற்றிவிடலாம்.
"அவ வீட்டுல ஒழுகல போல. அதான் சிரிக்கிறா."

பிறகு விரலை நீட்டித் திரையைத் தொட்டார்.
நகக்கண்ணில் எம்-சீல் காய்ந்த விரல்.
"இங்க ஏன் ஒண்ணுமே இல்ல?
டாங்க் கழுவுற ரேட்டை இங்க போடலாமே."

அது காலி இடம், அண்ணே.
தெரிந்தேதான் விட்டிருக்கிறார்கள்.
மேலே தொண்ணூற்றாறு பிக்சல், கீழே தொண்ணூற்றாறு.
கண்ணுக்கு மூச்சுவிட.

அவர் என் அறையைச் சுற்றிப் பார்த்தார்.
கட்டில் இருந்த இடத்தில் சிலிண்டர்,
சிலிண்டர்மேல் அரிசி டப்பா,
அரிசி டப்பாமேல் என் டிகிரி சர்ட்டிஃபிகேட்,
லாஃப்டின் விளிம்பில்
நைட் ஷிஃப்ட் முடிந்த அருமைநாதனின்
இரண்டு பாதங்கள்.

"வாடகை கிடையாதா?"
கிடையாது.
"டெபாசிட்?"

சிரித்த சிரிப்பில் பாதங்கள் உள்ளே போய்விட்டன.

பொத்தானில்தான் சிக்கல்.
இங்கிலீஷில் ஏழெட்டு எழுத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை.
'தொடர்புகொள்ளுங்கள்' என்று அடித்தேன்.
பாதி பச்சைப் பெட்டிக்குள் நின்றது.
'ளுங்கள்' மட்டும் வெளியே தொங்கியது,
எட்டு மணி லோக்கலில்
கம்பியைப் பிடித்தவன் மாதிரி.

"குழா உடைஞ்சவன் அவ்வளவு நீளம் படிப்பானா?
கூப்பிடுன்னு போடு."

கூப்பிடு.
கச்சிதமாக உட்கார்ந்தது.
ஆனால் 'ப்'பின் புள்ளியைக் காணோம்,
'பி'யின் கொக்கி பாதியோடு சரி.
வரியின் உயரம் வேறு எழுத்துக்கு அளந்தது.
விளக்க வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்:
"லாஃப்ட்ல தட்டுதுப்பா.
தலைக்கு மேல ரெண்டு விரக்கடை விடு."

ஒன்று புள்ளி இரண்டை
ஒன்று புள்ளி எட்டு ஆக்கினேன்.
புள்ளி திரும்பி வந்தது.

கடைசி அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு எழுத்தில்
தீமைச் செய்தவன் பெயர்.
(சொல்லிப் பார்த்தால் ஏதோ குற்றவாளி போல இருக்கிறது.)
வாய்க்குள் நுழையவில்லை. எந்த ஊர்க்காரனோ.
எடுத்துவிடவா, அண்ணே?

"ஏன், அவன் என்ன பண்ணான் உன்னை?"

மாடியில் தண்ணீர் டாங்க் பூட்டி முடித்ததும்
அடிப்பக்கம், வெயில் படாத இடத்தில்
ஆணியால் கீறிவைப்பாராம்: இ.பா., மாதம், வருஷம்.
யார் பார்ப்பார்கள் அங்கே?
"அடுத்து ரிப்பேருக்கு வர்றவன்."

வேறெதையும் மாற்றச் சொல்லவில்லை.
ஃபோன் நம்பரை மட்டும் பெரிசாக்கச் சொன்னார்,
இன்னும், இன்னும்,
டாக்ஸியில் போகிறவன் பார்க்கிற அளவுக்கு.

கிளம்பும்போது
கண்ணாடி கீறிய தன் ஃபோனில் திறந்து பார்த்தார்.
மூன்று பத்திகளும் ஒன்றன்கீழ் ஒன்றாக மடங்கி,
படம் ஒடுங்கி,
தொண்ணூற்றாறு இருபத்துநாலாகி,
எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன.

ஏதாவது சொல்வார் என்று பயந்தேன்.
"இப்பதான் நம்ம ரூம் மாதிரி இருக்கு" என்றார்,
அன்றைக்கு முதல் தடவையாகத் திருப்தியோடு.

படியிறங்கும் சத்தம் கேட்ட பிறகுதான் பார்த்தேன்.
சாலட்காரி இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.
அவளை மாற்ற மறந்திருந்தோம்.